எண்ணோடு வாழ்ந்த இராமானுஜன்

அருஞ்செயல் ஒன்றைக் கண்டு வியக்குந்தோறும் உலகத்தார் அதனை இரண்டில் ஒன்றன்பாற் சார்த்திக் கூறுதல் வழக்கம். ஒரு சாரார் அது தெய்வத் திருவருளால் வந்தது என்பர். மற்றொரு சாரார் அது செய்தவர்தம் முயற்சியால் விளைந்தது என்பர். அருளை ஏற்பார் முயற்சியை மறப்பதும், முயற்சியைப் போற்றுவார் அருளை மறுப்பதும் நாம் நாளும் காண்பன. இவ்விரண்டும் ஓரிடத்தே ஒருங்கு நிற்றல் கூடும் என்பதனைத் தம் குறுகிய வாழ்நாளால் உலகறியக் காட்டிச் சென்றவர் கணிதப் பேரறிஞர் சீனிவாச இராமானுஜன் ஆவார்.

அவரை நம்மவருட் பலர் நாமக்கல்லில் எழுந்தருளியுள்ள நாமகிரித் தாயாரின் அருள் பெற்றவர் என்ற அளவிலேயே அறிவர். இரவிற் கனவில் தாயார் காட்டியருள, விடியலில் எழுந்து அவர் ஏட்டிற் பதித்து வைத்தார் என்று கூறி அவர் வரலாற்றை முடித்துவிடுவர். அங்ஙனம் கூறுவார் பக்தியாற் கூறுகின்றனர். ஆயினும் அதனால் அவர் பட்ட பாடு முழுவதும் மறைந்துபோகின்றது. அப்பாட்டினை உள்ளவாறு காட்டும் சான்று ஒன்று அவர் கையாலேயே எழுதப்பெற்று நமக்குக் கிடைத்துள்ளது. அது பதின்மூன்று இலக்கங்கள் கொண்ட ஒரு பேரெண். அதனோடு அவர் கண்ணில் தப்பிய மற்றோர் எண்ணும் உண்டு. அவ்விரண்டையும் நடுவே வைத்து அவர் வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

பிறப்பும் இளமையும்

இராமானுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22ஆம் நாள், ஈரோட்டில் தம் தாய்வழிப் பாட்டனார் இல்லத்திற் பிறந்தார். தந்தையார் சீனிவாச ஐயங்கார், கும்பகோணத்தில் ஒரு துணிக்கடையிற் கணக்கெழுதி வந்தவர். தாயார் கோமளத்தம்மாள், கோயிலில் பக்திப் பாடல்கள் பாடுபவர். நாமகிரித் தாயாரிடத்து இடையறாத அன்பு பூண்டவர். சாரங்கபாணிப் பெருமாள் திருக்கோயிலின் சந்நிதித் தெருவில் இருந்த சிறிய வீடே அவர்கள் வாழ்ந்த வீடு. திண்ணையும் உள்ளறையும் கொண்ட அவ்வீட்டின் சாளரத்தருகே அமர்ந்து, தெருவிற் செல்வோர் எவரையும் நோக்காது, பலகையில் எண்களை எழுதுவதும் அழிப்பதுமாக அச்சிறுவர் பொழுது போக்கினார். அவ்வீடு இன்று அவர் நினைவிடமாகப் போற்றப்படுகின்றது.

இரண்டாம் வயதில் அவரைப் பெரியம்மை பற்றியது, உயிர் தப்பினார். அவருக்குப் பின் பிறந்த குழந்தைகள் மூவர் குழவிப் பருவத்திலேயே இறந்தனர். ஆதலின் தாயார் தம் அன்பு முழுவதையும் அவர்மீது வைத்து வளர்த்தார் என்பதில் வியப்பில்லை.

1897இல் தொடக்கப் பள்ளித் தேர்வில் மாவட்டத்திலேயே முதல்வராகத் தேறி, மறு ஆண்டு கும்பகோணம் நகர உயர்நிலைப் பள்ளியிற் சேர்ந்தார். பதின்மூன்றாம் வயதளவில் லோனி என்பார் எழுதிய திரிகோணமிதி நூலைப் பிறர் உதவியின்றிக் கற்று முடித்தார். 1903இல் கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த கணிதத் தொகை நூல் ஒன்று அவர் கைக்கு வந்தது. மாணவரைத் தேர்வுக்குப் பயிற்றும் ஆசிரியர் ஒருவரால் தொகுக்கப்பட்ட அந்நூலில் ஏறத்தாழ 5,000 முடிபுகள் நிரல்படக் கூறப்பட்டிருந்தன. அவற்றை நிறுவும் வழி பெரும்பாலும் கூறப்படவில்லை, கூறப்பட்டவிடத்தும் குறிப்பளவே. பிறர்க்கு அது பெருங்குறை. இராமானுஜனுக்கோ அதுவே பேறாயிற்று. ஒவ்வொரு முடிபையும் தாமே நிறுவிப் பார்க்கப் புகுந்தார். நிறுவுங்கால் புதியன பல தோன்றின. அவற்றைத் தனியேடுகளிற் குறித்து வைத்தார்.

ஏடு வாங்கப் பொருள் இல்லாமையால், கணக்கின் வழியனைத்தையும் கற்பலகையிற் செய்து, முடிவை மட்டும் தாளில் எழுதுவார். பலகையைத் துணியால் துடைத்தால் காலம் கழியும் என்று கருதி முழங்கையாலேயே துடைப்பார் என்றும், அதனால் அவர் முழங்கை கருத்துக் காய்த்திருந்தது என்றும் உடன் வாழ்ந்தோர் கூறுவர். இச்செய்தியை நாம் மறத்தலாகாது. அவர் ஏடுகளைப் புரட்டுவோர்க்கு முடிபுகள் மட்டுமே தெரிகின்றன, வழி தெரிவதில்லை. வழி தெரியாமையால் அவை வானின்று விழுந்தன போலத் தோன்றும். உண்மையில் வழி இருந்தது, அது கற்பலகையில் இருந்தது, முழங்கையால் அழிக்கப்பட்டது.

தோல்வியும் வறுமையும்

1904இல் உதவித்தொகை பெற்றுக் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் எஃப்.ஏ. வகுப்பிற் சேர்ந்தார். கணிதம் ஒன்றிலேயே மனம் தோய்ந்திருந்தமையால் ஆங்கிலக் கட்டுரைப் பாடத்தில் தோற்றார், உதவித்தொகை நின்றது. மனம் நொந்து 1905இல் வீட்டில் உரைக்காமலே விசாகப்பட்டினம் சென்றார். 1906இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை, 1907இல் தனியே எழுதியும் தேறவில்லை. காவிரிக்கரையில் தோற்றவர் கடற்கரையிலும் தோற்றார் என்றே ஊரார் எண்ணியிருப்பர்.

1909 ஜூலைத் திங்களில் அவருக்கு ஜானகி அம்மையாருடன் திருமணம் நிகழ்ந்தது. இனிப் பொருளீட்டும் கடமையும் வந்தது. பட்டம் இல்லை, பரிந்துரைப்பாரும் இல்லை, கையில் இருந்தவை கணிதக் குறிப்பேடுகளே. அவற்றைச் சுமந்துகொண்டு ஒருவர்பின் ஒருவராகப் பெரியோர் பலரைக் கண்டார். அந்நாளில் திருக்கோவலூரில் துணைக் கலெக்டராக இருந்த வி. இராமசாமி ஐயர், 1907இல் இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவியவர். ஏட்டைக் கண்ட மாத்திரத்தில், இத்தகையாரை வருவாய்த் துறையில் எழுத்தராக்கினால் அறிவு முடங்கிப்போம் என்று உணர்ந்து, கணிதம் அறிந்த நண்பர்களிடம் அவரை ஆற்றுப்படுத்தினார். அவ்வழியே நெல்லூர்க் கலெக்டர் திவான் பகதூர் இராமச்சந்திர ராவ் அவர்களின் ஆதரவு கிட்டியது. அவர் சில காலம் திங்கள்தோறும் ரூ.25 அளித்து வந்தார். 1911இல் இராமானுஜனின் முதற் கட்டுரை அக்கழகத்தின் இதழில் வெளிவந்தது.

பிறர் பொருளில் வாழ மனமின்றி, 1912 மார்ச்சுத் திங்களில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தராக அமர்ந்தார். ஊதியம் திங்களுக்கு ரூ.30. அங்கு மேலதிகாரியாக இருந்த எஸ். நாராயண ஐயர் தாமும் கணிதம் வல்லவர். கழகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் நல்லுள்ளம் படைத்தவர். இவ்விருவர் ஊக்கத்தால் இராமானுஜன் தம் முடிபுகளைக் கேம்பிரிட்ஜ் அறிஞர்க்கு எழுதத் துணிந்தார். வேறு இருவர்க்கு எழுதியும் பயன் விளையவில்லை. 1913 ஜனவரி 16ஆம் நாளிட்ட திருமுகத்தை டிரினிட்டிக் கல்லூரி ஆசிரியர் ஹார்டி என்பாருக்கு விடுத்தார். அதில் நூற்றுக்கு மேற்பட்ட முடிபுகள் இருந்தன. ஹார்டியும் அவர்தம் நண்பர் லிட்டில்வுட்டும் அமர்ந்து அவற்றை ஆராய்ந்து, எழுதியவர் முதல் வரிசைக் கணித அறிஞர் என்று முடிவு செய்தனர். சென்னைப் பல்கலைக்கழகம் அவ்வாண்டிலேயே திங்களுக்கு ரூ.75 உதவித்தொகை அளித்து அவரை ஆராய்ச்சி மாணவராக ஏற்றது.

இங்கு ஒன்றை மறையாது கூறல் வேண்டும். பகா எண்களைப் பற்றி அவர் ஹார்டிக்கு எழுதியவற்றுட் சில பிழைபட்டவை. நிறுவாமல் நெஞ்சால் உணர்ந்தவை எல்லாம் மெய்யாகிவிடா என்பதனை அவரும் கற்கவேண்டியிருந்தது. அதனைக் கற்கவே கடல் கடந்தார் எனலாம்.

கடல் கடந்தமை

வைதிகக் குடியிற் பிறந்தோர் அந்நாளில் கடல் கடத்தல் குற்றமெனக் கருதப்பட்டது. முதலில் அவர் இசையவில்லை. தாயாரும் தடுத்தார். பின்னர்க் கோமளத்தம்மாளின் கனவில் நாமகிரித் தாயார் தோன்றி, மைந்தன் பிறந்ததன் பயனைத் தடுக்கலாகாது எனப் பணித்ததாகவும், அதன்பின்னரே தாய் இசைந்ததாகவும் கூறுவர். இஃது உண்மையாயின், அருள் செய்த வேலை இன்னதென நாம் அறியலாம். அத்தெய்வம் கணக்கிற்கு விடை கூறவில்லை. மகனைப் பிரியும் வலிமையைத் தாய்க்கு அளித்தது.

1914 மார்ச்சு 17ஆம் நாள் சென்னையினின்று கப்பலேறி, ஏப்பிரல் திங்களில் இலண்டன் சேர்ந்தார். ஆகஸ்டில் பெரும்போர் மூண்டது. லிட்டில்வுட் போர்ப்பணிக்குச் சென்றார்; மாணவர் பலரும் சென்றனர்; கல்லூரி வெறிச்சோடியது. மரக்கறி உணவன்றி உண்ணாத இராமானுஜன் தம் அறையில் தாமே சமைத்துண்டு, பனியிலும் குளிரிலும் இரவு பகலாகக் கணித்தார். அக்காலத்தில் விளைந்ததே நாம் முன்னர்க் குறித்த பேரெண்.

காரணி மிக்க எண்கள்

ஓர் எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்களை அதன் காரணிகள் என்பர். 12 என்னும் எண்ணை 1, 2, 3, 4, 6, 12 ஆகிய ஆறும் மீதியின்றி வகுக்கும். ஆதலின் 12க்குக் காரணிகள் ஆறு. 12க்குக் குறைந்த எந்த எண்ணுக்கும் ஆறு காரணிகள் இல்லை. இங்ஙனம் தனக்கு முன்னுள்ள எண்கள் அனைத்தினும் மிகுதியான காரணிகளை உடைய எண்ணை இராமானுஜன் தனி இனமாகக் கொண்டு ஆராய்ந்தார். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 எனச் செல்லும் வரிசை அது.

இவ்வெண்கள் நமக்குப் புதியன அல்ல. அவர் வளர்ந்த கும்பகோணத்தில் மகாமகம் 12 ஆண்டுக்கு ஒருமுறை வருவது. திருக்குட நன்னீராட்டிற்குப் பின் மண்டலாபிடேகம் நிகழ்வது 48 நாள். நாளொன்றுக்கு நாழிகை 60; ஆண்டுச் சுழற்சியும் 60. பல வகையாகப் பங்கிடுதற்கு இசைந்தமையால் இவ்வெண்கள் மக்கள் வழக்கில் எளிதிற் பொருந்துவன. எனினும் நாம் போற்றும் எண்கள் எல்லாம் இவ்வினத்தைச் சார்ந்தன என்று கூறுதல் பொருந்தாது. 108க்குக் காரணிகள் 12. ஆனால் அதனிற் சிறிய 60க்கும் 12 உண்டு. 1008க்குக் காரணிகள் 30. அதனிற் சிறிய 840க்கோ 32. ஆகவே 108ம் 1008ம் இவ்வரிசையிற் சேரா. கணிதம் எவர்க்கும் முகமன் கூறுவதில்லை.

சிறிய எண்களை எவரும் எண்ணிக் காணலாம். இலட்சமும் கோடியும் கடந்த எண்களை ஒவ்வொன்றாக எண்ணிக் காண ஒருவர் வாழ்நாள் போதாது. ஆதலின் இராமானுஜன் அவ்வெண்களின் கட்டமைப்பை ஆராய்ந்தார். எவ்வெண்ணும் பகா எண்களின் பெருக்கமே. காரணி மிக்க எண் ஒவ்வொன்றிலும் பகா எண்கள் 2 முதலாக இடைவிடாது வரிசையில் வரும். முந்திய பகா எண் எத்தனை முறை வருமோ, பிந்தியது அதனின் மிகுதியாக வாராது. இறுதிப் பகா எண் ஒரே முறைதான் வரும். 4, 36 ஆகிய இரண்டு மட்டுமே இதற்கு விலக்கு. இவற்றையும், இவற்றினும் நுணுகிய பிற இயல்புகளையும் நிறுவி, 1915இல் இலண்டன் கணிதக் கழக இதழில் அறுபது பக்கத்திற்கு மேற்பட்ட கட்டுரையாக வெளியிட்டார். அக்கட்டுரையோடு, இவ்வினத்து எண்களை வரிசைப்படுத்திய அட்டவணை ஒன்றும் சேர்ந்துள்ளது. அதன் இறுதி எண் 67,46,32,83,88,800 ஆகும். அஃதாவது ஆறு இலட்சத்து எழுபத்து நாலாயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியே எண்பத்து மூன்று இலட்சத்து எண்பத்தெண்ணாயிரத்து எண்ணூறு.

இப்பேரெண்ணைப் பகுத்துப் பார்ப்பின், 2 ஆறு முறையும், 3 நான்கு முறையும், 5 இரு முறையும், 7 இரு முறையும், 11, 13, 17, 19, 23 ஆகியவை ஒவ்வொரு முறையும் பெருக்கப்பட்டு அமைந்தது எனக் காணலாம். அடி அகன்று மேலே செல்லச் செல்லக் குறுகும் ஒன்பது நிலைக் கோபுரம் போல ஒன்பது பகா எண்கள் அதிலே நிற்கின்றன. அதன் காரணிகளை எண்ணுதற்கும் எளிய வழியுண்டு. ஒவ்வொரு பகா எண்ணும் வரும் முறையோடு ஒன்றைக் கூட்டிப் பெருக்குக. ஏழு, ஐந்து, மூன்று, மூன்று, பின்னர் ஐந்து முறை இரண்டு. இவற்றின் பெருக்கம் 10,080. பத்தாயிரத்து எண்பது எண்கள் அதனை மீதியின்றி வகுக்கும். அதனிற் சிறிய எந்த எண்ணுக்கும் அத்தனை காரணிகள் இல்லை. கணிப்பொறி ஏதுமின்றித் தாளும் எழுதுகோலும் கொண்டு, விதிகளால் பலவற்றை விலக்கி, எஞ்சியவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டு அவர் இவ்வட்டவணையை அமைத்தார். அதற்கு எத்தனை இரவுகள் கழிந்தனவோ!

அவ்வட்டவணையில் ஓர் எண் விடுபட்டுள்ளது. அது 2,93,31,86,25,600, இருபத்தொன்பதினாயிரத்து முந்நூற்று முப்பத்தொரு கோடியே எண்பத்தாறு இலட்சத்து இருபத்தையாயிரத்து அறுநூறு. அதற்குக் காரணிகள் 5,040. அதுவும் அவ்வரிசையில் நிற்றற்குரியதே. பிற்கால ஆராய்ச்சியாளர் இக்குறையைக் கண்டு நிரப்பினர். இதில் வியப்புக்குரியது யாதெனின், விடுபட்ட அவ்வெண்ணை 23ஆற் பெருக்கினால் அட்டவணையின் இறுதிப் பேரெண்ணே வந்துவிடும். கோபுரத்தின் ஒன்பதாம் நிலையை எடுத்துவிட்டால் எஞ்சும் எட்டு நிலையே அவர் விட்ட எண். உச்சியைக் கண்டவர் அதற்கடுத்த படியைக் காணாது கடந்தார்.

இக்கட்டுரையினாலேயே கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1916இல் அவருக்கு ஆராய்ச்சிப் பட்டம் வழங்கியது. எஃப்.ஏ. தேர்வில் இருமுறை தோற்றவர் பட்டம் பெற்றார். போர்க்காலத்தில் கணிதக் கழகத்திற்கு நேர்ந்த பண முட்டுப்பாட்டால் கட்டுரையின் ஒரு பகுதி அச்சேறாது நின்றது. அது 1997இல் வெளியிடப்பட்டு, அறிஞரால் இன்றும் ஆராயப்படுகின்றது.

பிரிவினையும் பேரெண்ணும்

பின்னர் ஹார்டியும் அவரும் கூடி ஆராய்ந்தது எண்களின் பிரிவினை. 4 என்னும் எண்ணை அப்படியேயும், மூன்றும் ஒன்றுமாகவும், இரண்டும் இரண்டுமாகவும், இரண்டும் ஒன்றும் ஒன்றுமாகவும், நான்கு ஒன்றுகளாகவும் பிரிக்கலாம். ஆக ஐந்து வகை. 10ஐப் பிரிக்கும் வகை 42. 100ஐப் பிரிக்கும் வகையோ 19,05,69,292. எண் சிறிது வளர வகை பெரிது வளரும். இதனை ஒவ்வொன்றாக எண்ணாது நேரே காணும் சூத்திரம் ஒன்றை அவ்விருவரும் அமைத்தனர். மேஜர் மக்மான் என்னும் அறிஞர் 200 வரையுள்ள எண்களுக்குக் கையாற் கணித்து வைத்திருந்தார். 200க்கு அவர் கண்டது 39,72,99,90,29,388. சூத்திரத்தின் முதல் எட்டு உறுப்புகளைக் கூட்டியபோது வந்த விடை அவ்வெண்ணோடு ஓர் ஒன்றின் ஆயிரத்தில் நான்கு பங்கே வேறுபட்டது. 1918இல் இஃது அச்சிற் போந்தது.

மக்மானின் அட்டவணையை நோக்கிய இராமானுஜன் அதில் மற்றொன்றையும் கண்டார். 4 அல்லது 9இல் முடியும் எண்ணின் பிரிவினை வகைகள் எப்போதும் 5ஆல் வகுபடும். 4க்கு 5, 9க்கு 30, 14க்கு 135, 19க்கு 490. அவ்வட்டவணை பிறர் கண்முன்னும் இருந்ததே; ஆயினும் இவ்வொழுங்கு அவர்க்கே தெரிந்தது. எண்ணை அன்போடு நோக்கும் கண்ணுக்கே அதன் உள்ளியல்பு புலனாகும் போலும்! எண் ஒவ்வொன்றும் அவருக்கு உற்ற நண்பன் என்று லிட்டில்வுட் மொழிந்ததாகக் கூறுவதும் இதுபற்றியே.

நோயும் நட்பும்

1917 முதல் அவர் உடல் நலிந்தது. காசநோய் எனக் கொண்டு மருத்துவம் செய்தனர். கல்லீரலைப் பற்றிய வேறு நோயாக இருக்கலாம் என்று 1994இல் மருத்துவர் ஒருவர் ஆராய்ந்து எழுதினார். புட்னி என்னுமிடத்து மருத்துவமனையில் அவர் கிடந்தபோது ஹார்டி காணச் சென்றார். தாம் வந்த வாடகை வண்டியின் எண் 1729 என்றும், அது சிறப்பற்ற எண்ணாகத் தோன்றுகின்றது என்றும் அவர் கூற, இராமானுஜன் உடனே மறுத்து, இரண்டு கனங்களின் கூட்டாக இருவகையில் எழுதத்தக்க எண்களுள் அதுவே மிகச் சிறியது என்றார். 12இன் கனமாகிய 1728உடன் 1இன் கனத்தைக் கூட்டினும், 10இன் கனமாகிய 1000உடன் 9இன் கனமாகிய 729ஐக் கூட்டினும் வருவது 1729.

இந்நிகழ்ச்சியை நம்மவர் அறிவர். ஆனால் இதனோடு சேர்ந்த இரண்டினை அறிவார் சிலரே. ஒன்று, இச்சமன்பாடு இங்கிலாந்து செல்லுமுன்பே அவர் எழுதிய குறிப்பேட்டில் உள்ளது. நோய்ப் படுக்கையில் மின்னலெனத் தோன்றியதாக நாம் கருதுவது பல்லாண்டுப் பழக்கத்தின் பயன். மற்றொன்று, நான்காம் படிக்கு அத்தகைய எண் யாது என்று ஹார்டி வினவினார். இராமானுஜன் சிறிது எண்ணிப் பார்த்து, எளிதில் புலப்படும் விடை இல்லை என்றும், அத்தகைய முதல் எண் மிகப் பெரிதாக இருத்தல் வேண்டும் என்றும் கூறினார். அதற்குரிய எண் 63,53,18,657 என முன்னரே ஆய்லர் என்னும் அறிஞர் கண்டிருந்தார். 59, 158 ஆகியவற்றின் நான்காம் படிகளைக் கூட்டினும், 133, 134 ஆகியவற்றின் நான்காம் படிகளைக் கூட்டினும் அதுவே வரும். அறிந்ததை அறிந்தது என்றும், அறியாததை அறியாதது என்றும் கூறிய நேர்மை அவரிடம் இருந்தது. புகழின் உச்சியில் நிற்பார்க்கு இது எளிதன்று.

1918ஆம் ஆண்டில் அவர் இராயல் சொசைட்டியின் உறுப்பினராகவும், டிரினிட்டிக் கல்லூரியின் ஆய்வுறுப்பினராகவும் தெரிந்தெடுக்கப்பட்டார். 1919இல் தாயகம் திரும்பினார். காவிரிக் காற்றும் தாய் கை உணவும் நோயை மாற்றவில்லை. கொடுமுடியிலும் கும்பகோணத்திலும் தங்கிப் பின் சென்னைச் சேத்துப்பட்டில் படுக்கையிற் கிடந்தபடியே கணக்கெழுதினார். 1920 ஜனவரியில் ஹார்டிக்கு விடுத்த இறுதித் திருமுகம் புதியதொரு கணித இனத்தை அறிவிப்பது. அவ்வாண்டு ஏப்பிரல் 26ஆம் நாள், முப்பத்திரண்டு வயது நிரம்பிச் சில திங்களே ஆன நிலையில் அவர் மறைந்தார். ஜானகி அம்மையார் 1994 வரை வாழ்ந்து, கணவர் நினைவைக் காத்தார். இறுதி நாளில் அவர் எழுதிய தாள்கள் கேம்பிரிட்ஜ் நூலகத்திற் கேட்பாரற்றுக் கிடந்து, 1976இல் ஆண்ட்ரூஸ் என்னும் அறிஞரால் கண்டெடுக்கப்பட்டன. 2012 முதல் அவர் பிறந்த நாள் தேசியக் கணித நாளாகக் கொண்டாடப்படுகின்றது.

அருளும் ஆள்வினையும்

இனித் தொடங்கியவிடத்திற்கு மீள்வோம். அட்டவணை முழுவதும் தெய்வம் சொல்ல இவர் எழுதியது என்று கொள்வோமாயின், விடுபட்ட அவ்வெண்ணுக்கு யாது விடை கூறுவோம்? தெய்வம் மறந்தது என்பதா? அங்ஙனம் கூற எவரும் துணியார். எழுதியது மனிதக் கை, களைத்த கண், குளிரில் விறைத்த விரல். விடுபட்ட அவ்வோர் எண்ணே மற்றவையனைத்தும் அவர் உழைத்துக் கண்டவை என்பதற்குச் சான்றாகின்றது. ஆதலின் அதனைக் குறையென இகழாது, அவர் வியர்வையின் சுவடெனப் போற்றுதல் தகும். ஆள்வினையுடைமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தளித்த திருவள்ளுவர் பிறந்த நாட்டில் இதனை வற்புறுத்தவும் வேண்டுமோ!

அங்ஙனமாயின் அருள் எங்கே என வினவலாம். தேர்வில் தோற்றும், பசியில் வாடியும், ஊரார் நகைத்தும், பயன் யாதென்று அறியாமலே ஓரெண்ணின்மேல் ஒருவர்க்கு மாறாத காதல் நிலைத்தது எதனால்? அக்காதலை அவர் கல்லூரியிற் பெறவில்லை. பொருள் கொடுத்துக் கொள்ளவில்லை. அதனை அவர் தம் குலதெய்வம் தந்ததாகவே நம்பினார். அந்நம்பிக்கையை நாம் மறுக்க வேண்டுவதில்லை. தெய்வம் அவர்க்கு ஈந்தது காதல். அவர் அதற்கு ஈடாக அளித்தது உழைப்பு.

நம் இல்லங்களில் கணக்கிற்கு அஞ்சும் சிறுவர் உளர். தேர்வில் தோற்றுக் கலங்கும் இளைஞரும் உளர். அவர்க்கு இராமானுஜன் வரலாற்றைக் கூறும்போது கனவினை மட்டும் கூறாது, கற்பலகையையும் கூறுங்கள். காய்த்த முழங்கையையும் கூறுங்கள். பத்தாயிரத்து எண்பது காரணிகளையுடைய அப்பேரெண்ணோடு, அவர் தவறவிட்ட எண்ணையும் சேர்த்துக் கூறுங்கள். பெரியோரும் பிழைபட்டனர், பிழைபட்டும் பெரியோராயினர் என்பதனை அவர்கள் உணர்வார்களாக. அவ்வுணர்வே அப்பேரறிஞர்க்கு நாம் செய்யும் வழிபாடாகும்.